மோட்டாரைப் போர்வெல்லிலிருந்து தூக்கும் முன்: ஸ்டார்ட்டர் பெட்டியின் முனைகளை வைத்துப் பழுது கண்டுபிடிப்பது

பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சாதாரணம். அங்கே மோட்டாரை மேலே தூக்குவது என்றால் வண்டிக்குச் சொல்லி, ஆள் பிடித்து, பைப்பைக் கழற்றி, கேபிளைச் சுருட்டி ஒரு நாளே போய்விடும். பணம் தனி. ஆனால் "மோட்டார் போயிடுச்சு" என்று வரும் புகார்களில் நிறைய, மோட்டார் கொட்டாயில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்தோ எண்ணோ அச்சிட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் எங்கே மீட்டர் வைப்பது என்று தெரிந்துவிடும்.

முதலில் கை வைக்கும் முறை. மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். திரி பேஸ் வந்த நொடியில் அது தானாக ஏற்றிவிடும், உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்டென்சர் பெட்டி இருந்தால் அதன் சார்ஜை ஒரு ரெசிஸ்டரோ பல்போ வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். இண்டக்‌ஷன் கரண்டுக்கும் அது எரியும், போன பேஸிலும் எரியும். மல்டிமீட்டர் வேண்டும், கிளாம்ப் மீட்டரும் இருந்தால் நல்லது. கீழே சில அளவுகள் கரண்ட் இருக்கும்போதே எடுக்க வேண்டியவை. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில் வயர்மேனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

எண்களைப் படிப்பது

பெட்டியில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன்.

காண்டாக்டர் என்பது காயில் காந்தமாகி இழுத்ததும் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச். அதன் மேல்பக்கம் 1, 3, 5 அல்லது எல்1, எல்2, எல்3. கீழே 2, 4, 6 அல்லது டி1, டி2, டி3. ஒற்றைப்படை லைன் வரும் பக்கம், இரட்டைப்படை மோட்டாருக்குப் போகும் பக்கம். ஏ1, ஏ2 என்றால் காயிலின் இரண்டு முனைகள்.

இரட்டை இலக்க எண்களில்தான் பலர் குழம்புவார்கள். அதில் முதல் இலக்கம் அந்தக் காண்டாக்ட் எத்தனையாவது என்று மட்டும் சொல்கிறது. வேலையைச் சொல்வது இரண்டாவது இலக்கம். 1-2 என்று முடிந்தால் என்.சி., அதாவது சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும். 3-4 என்று முடிந்தால் என்.ஓ., காயில் இழுத்தால்தான் சேரும். ஆக 13-14 என்.ஓ., 21-22 என்.சி., 43-44 மறுபடி என்.ஓ. இவ்வளவு தெரிந்தால் முன்பின் பார்த்திராத கம்பெனியின் காண்டாக்டரையும் படிக்கலாம். 5-6, 7-8 என்று முடிபவை தனி வேலைக்காரர்கள்: ஓவர்லோட் ரிலேயில் (ஆம்பியர் அதிகமானால் மோட்டாரை நிறுத்துவது) 95-96 என்.சி., 97-98 என்.ஓ. டைமரில் 15 பொது முனை, 16 என்.சி., 18 என்.ஓ.

ட்ராக்டர் ரிலேயில் பார்க்கும் 30, 85, 86, 87 வேறு குடும்பம். அங்கே 85-86 காயில், 30-க்கு பேட்டரி பாசிட்டிவ், 87-லிருந்து லோடு. இரண்டையும் கலந்துகொள்ளாதீர்கள்.

பழைய ஸ்டார்ட்டர்களில் எண்ணே இருக்காது, இருந்தாலும் துருவில் அழிந்திருக்கும். அங்கே வயரைப் பிடித்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை. கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை

முதல் கேள்வி, திரி பேஸ் வந்திருக்கிறதா? எல்1-எல்2, எல்2-எல்3, எல்3-எல்1 என்று மூன்று ஜோடியையும் அளங்கள். ஒவ்வொன்றும் 415 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். நியூட்ரல் வைத்து அளந்துவிட்டு "மூணுலயும் இருக்கு" என்று சொல்வது போதாது. பேஸுக்கு பேஸ் அளந்தால்தான் உண்மை தெரியும். இரண்டு பேஸ் மட்டும் விடும் நேரத்தில் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றும் சரி என்றால், ஒருவர் பச்சையை அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் ஏ1-ஏ2 மேல் மீட்டர் வைக்கட்டும். இந்த ஓர் அளவு பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும். வோல்ட் வருகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் பழுது காயிலிலோ, காண்டாக்டரின் அசையும் பாகத்திலோ. வோல்ட்டே வரவில்லை என்றால் காயிலைத் திட்டாதீர்கள். அதற்கு முன்னால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது.

பாதை அறுந்தால் முதல் சந்தேகம் 95-96. ஓவர்லோட் ரிலே சூடாகி டிரிப் ஆனால் பிரிவது இந்த என்.சி.தான். சற்று ஆறவிட்டு ரீசெட் பட்டனை அழுத்துங்கள். பிறகு கரண்டை அணைத்து, 95-இல் இருக்கும் வயரைக் கழற்றிவிட்டு 95-96-க்கு இடையே பீப் சத்தம் வருகிறதா பாருங்கள். வயரைக் கழற்றாமல் அளந்தால் வேறு பாதை வழியாக மீட்டர் ஏமாற்றலாம். பீப் வரவில்லை என்றால் ரிலே போய்விட்டது. வந்தால், அடுத்து சிவப்பு பட்டனின் என்.சி.

95-96-ஐ ஒரு துண்டு வயரால் லூப் அடித்துவிட்டுப் போகும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மோட்டார் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த முறை ஒரு பேஸ் போகும்போது தடுக்க யாரும் இல்லை. வைண்டிங் கருகிய பிறகுதான் தெரியும். ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால் இந்த லூப் வயரைப் பார்க்கலாம். அவசரத்துக்குக்கூட இதைச் செய்யாதீர்கள்.

காயிலைச் சோதிக்க, கரண்டை அணைத்து ஒரு வயரைக் கழற்றி ஏ1-ஏ2-க்கு இடையே ஓம் பாருங்கள். 415 வோல்ட் காயிலில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரத்துக்கு மேலோ வரும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. புதிது வாங்கும்போது பழைய காயிலின் மேல் அச்சிட்ட வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பேஸுக்கு இடையே நிற்கும் காயிலுக்கு 240 வோல்ட் காயிலைப் போட்டால் உடனே புகைந்துவிடும்.

இன்னொன்று, எறும்பு. கேலி இல்லை. காண்டாக்டின் இரண்டு பரப்புக்கு இடையே நசுங்கிய எறும்புகள் ஒரு மெல்லிய கறுப்புப் பூச்சாக ஒட்டி, பேப்பர் வைத்ததுபோல் கரண்டைத் தடுத்துவிடும். பல்லியும் குளவிக்கூடும் அடுத்த வரிசை. வயர் நுழையும் துளைகளுக்கு ரப்பர் கிளாண்டு போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அழுத்திப் பிடிக்கும் வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

இது 13-14. பச்சை பட்டன் ஒரு நொடி மட்டும் பாதை கொடுக்கிறது; விரலை எடுத்த பிறகு காயிலைப் பிடித்து வைப்பது பட்டனுக்கு இணையாகப் போட்ட இந்த என்.ஓ. வயர் கழன்றிருக்கும், அல்லது காண்டாக்ட் கரி பிடித்திருக்கும். கரண்டை அணைத்து வயரைக் கழற்றி, காண்டாக்டரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து 13-14 பீப் அடிக்கிறதா பாருங்கள். கூடுதல் பிளாக்காக வந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், காண்டாக்டர் முழுதும் வாங்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறு: சிவப்பை அழுத்தியும் நிற்கவில்லை. மெயின் காண்டாக்ட் ஒட்டி வெல்டு ஆகியிருக்கும். மெயின் சுவிட்சில் அணையுங்கள். திருப்புளியால் நெம்பிப் பிரித்து மறுபடி ஓட்ட வேண்டாம். அது மீண்டும் ஒட்டும்.

கடகடவென்று அடிக்கிறது

காண்டாக்டர்கள் பொதுவாகக் காயில் வோல்ட்டில் 85 சதவீதம் இருந்தால் பிடிக்கும்படி செய்யப்படுகின்றன. 415-க்கு அது ஏறக்குறைய 353. திரி பேஸ் வந்ததும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஏறும்போது, கடைசிக் கம்பத்துத் தோட்டத்தில் இதற்கும் கீழே போகலாம். அப்போது உங்கள் பெட்டியில் கோளாறில்லை, பத்து நிமிடம் பொறுங்கள். விவசாயத்துக்கென்றே குறைந்த வோல்ட்டில் பிடிக்கும் காயில் போட்ட ஸ்டார்ட்டரும் கிடைக்கிறது.

வோல்ட் சரியாக இருந்தும் அடித்தால் ஏ1, ஏ2 திருகு தளர்ந்திருக்கும், அல்லது காந்த முகத்தில் தூசியும் துருவும் படிந்திருக்கும். துடைத்தும் உறுமல் நிற்காவிட்டால், காந்த முகத்தில் பதித்திருக்கும் செம்பு வளையம் உடைந்திருக்கிறதா பாருங்கள். அடிக்கும் ஸ்டார்ட்டரை அப்படியே விட்டு வைத்தால் மெயின் காண்டாக்ட் தீய்ந்துவிடும்.

ஸ்டார்ட்டர் பிடிக்கிறது, மோட்டார் உறுமுகிறது, சில நொடியில் டிரிப்

ஒரு பேஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பேஸ் போனால் ஸ்டார்ட்டரே விழுந்திருக்குமே?" என்று கேட்பார்கள். விழும், ஆனால் எப்போதும் இல்லை. சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரடியாக லைனில் ஏற்றுவது) காயில் இரண்டு பேஸுக்கு இடையேதான் நிற்கிறது. மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்பார்கள். காயில் ஆர், பி இரண்டிலும் இருந்தால், ஆர் போனாலும் பி போனாலும் ஸ்டார்ட்டர் விழும். ஒய் போனால் காயிலுக்கு ஒரு குறையும் இல்லை. அது பிடித்துக்கொண்டே இருக்கும், மோட்டார் இரண்டு பேஸில் திணறும். உங்கள் ஸ்டார்ட்டரில் காயில் எந்த இரண்டில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லைனிலேயே ஒரு பேஸ் போய், விழாமல் உறுமினால் போனது மூன்றாவது என்று மீட்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிடலாம்.

எங்கே போயிருக்கிறது? இங்கே டி1, டி2, டி3-க்கு இடையே வோல்ட் அளப்பது ஏமாற்றும். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தால் போன பேஸிலும் அதுவே வோல்ட்டை உண்டாக்கிக் காட்டும். அதேபோல் தளர்ந்த பீஸ் கட்டை லோடு இல்லாதபோது 415-ஐ அழகாகக் காட்டும். லோடு ஏறியதும் காணாமல் போகும். ஆகவே குறுக்கே அளங்கள். மோட்டார் ஏறியிருக்கும் அந்தச் சில நொடிகளில் 1-2, பிறகு 3-4, பிறகு 5-6. சேர்ந்திருக்கும் நல்ல காண்டாக்டில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். எதில் பத்து, ஐம்பது, நூறு என்று வோல்ட் நிற்கிறதோ அதுதான் ஆள். மூன்றும் பூஜ்யம் என்றால் பீஸ் கட்டைகளுக்கு வாருங்கள், அதே முறையில் மேலும் கீழும். ஒரே தடவையில் எல்லாம் அளக்க முடியாது. டிரிப் ஆனதும் ரிலே ஆறும் வரை விட்டு மறுபடி ஏற்றுங்கள். விடாமல் ஏற்றி இறக்கினால் மோட்டார் தாங்காது.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் எளிது. மூன்று வயரிலும் ஆம்பியர் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் பூஜ்யம், மற்ற இரண்டில் அதிகம் என்றால் கேள்வியே இல்லை. எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்ற கணக்கு தோராயத்துக்குப் போதும். நீர்மூழ்கியில் கொஞ்சம் கூட வரும். மோட்டார் பட்டையில் போட்டிருப்பதுதான் இறுதி.

மூன்றிலும் சமமாக, ஆனால் குறைவாக ஆம்பியர் இருந்து, சிறிது நேரம் ஓடி நின்றால் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. டிரை ரன் ரிலே தன் வேலையைச் செய்திருக்கிறது. கோடையில் இந்த ஊர்ப் பக்கம் இதைப் பழுது என்று சொல்லக்கூடாது.

முனை கருகுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது

பெட்டியைத் திறந்ததும் எந்த முனை என்று கண்ணுக்கே தெரியும். வயரின் மேலுறை பழுப்பாகி முனையிலிருந்து பின்வாங்கியிருக்கும், செம்பு இழைகள் கறுத்து நொறுங்கும், திருகின் தலை நீலம் பாய்ந்திருக்கும், பக்கத்துப் பேக்லைட் கொப்பளித்திருக்கும். பெரும்பாலும் இது 2, 4, 6-இல் ஒன்றாகவோ பீஸ் கட்டையின் வாயாகவோ இருக்கும்.

காரணம் பிடிப்பு இல்லாததுதான். ஒரு 10 எச்.பி. மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். தளர்ந்த முனையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால், 15 பெருக்கல் 15 பெருக்கல் 0.1, அதாவது 22.5 வாட் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஒரே திருகின் மேல் நாள் முழுக்க வைத்ததற்குச் சமம். சூடானதால் செம்பு ஆக்ஸைடு பிடிக்கும், தடை கூடும், இன்னும் சூடாகும். அதனால்தான் போன வாரம் சும்மா இருந்த முனை இந்த வாரம் கருகி நிற்கிறது.

கருகிய முனையில் திருகை மட்டும் இறுக்கிவிட்டு மூடுவது வேலை அல்ல. வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டுங்கள். நீளம் பற்றாவிட்டால் வயரை மாற்றுங்கள், உள்ளே ஜாயிண்ட் போடாதீர்கள். வயர் கனத்துக்கு ஏற்ற லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு, அதைக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். கனமான வயரையும் மெல்லிய கண்ட்ரோல் வயரையும் ஒரே திருகின் கீழ் திணித்தால் கனமானது பிடிக்கும், மெல்லியது ஆடும். கம்பத்திலிருந்து வரும் அலுமினிய வயரைச் செம்பு முனையில் நேரடியாகச் சுற்றினால் சீக்கிரம் அரித்துத் தளரும். அதற்கென்று அலுமினியமும் செம்பும் சேர்த்த லக் கடையில் கிடைக்கும். முனையே நிறம் மாறியிருந்தால் காண்டாக்டரை மாற்றிவிடுங்கள். உள்ளே ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும்.

வேலை பார்த்த பிறகு தண்ணீர் குறைந்துவிட்டது

மோட்டார் பின்பக்கம் சுற்றுகிறது. நீர்மூழ்கியில் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது; திருப்பிச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரலாம், அதனால்தான் "போர் வத்திடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரண்டை அணைத்து டி1, டி2 வயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எதில் தண்ணீர் அதிகமாக வருகிறதோ அதுதான் சரியான பக்கம். கம்பத்தில் லைன் வேலை நடந்த பிறகும் இது வரலாம்.

ஸ்டாரில் ஏறுகிறது, டெல்டாவுக்கு மாறும்போது படாரென்று ஃபியூஸ் போகிறது

ஆறு வயர் வரும் பெரிய மோட்டார்களில் மட்டும் இது. இவை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாக ஏறி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாறி ஓடும். மூன்று சுற்றின் ஆரம்பம் யூ1, வி1, டபிள்யூ1; முடிவு யூ2, வி2, டபிள்யூ2. மோட்டார் பெட்டியில் மேல்வரிசை யூ1, வி1, டபிள்யூ1 என்று ஒழுங்காக இருக்கும், கீழ்வரிசை டபிள்யூ2, யூ2, வி2 என்று ஓரிடம் தள்ளி இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். பட்டைகளை மேலும் கீழுமாகப் போட்டால் டெல்டா, கீழ்வரிசை மூன்றையும் குறுக்கே இணைத்தால் ஸ்டார். இந்த வசதிக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் இந்தப் பட்டைகள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்த வேலையைக் காண்டாக்டர்கள் செய்கின்றன.

ஸ்டாரில் கீழ் மூன்றும் ஒன்றாகச் சேர்வதால் அவற்றின் வரிசை மாறியிருந்தாலும் மோட்டார் ஒழுங்காக ஏறும். டெல்டாவில் யூ1-உடன் டபிள்யூ2, வி1-உடன் யூ2, டபிள்யூ1-உடன் வி2 சேர வேண்டும். அங்கேதான் தப்பு வெடிக்கும். ஆகவே மாறும் நொடியில் போனால் மோட்டாரைச் சந்தேகிக்காமல் கீழ்வரிசை வயர்களைப் பாருங்கள். ஓவர்லோட் ரிலே சுற்றுக்குப் போகும் பாதையில் இருந்தால், மோட்டார் பட்டையில் உள்ள ஆம்பியரை 0.58-ஆல் பெருக்கி வையுங்கள். முழு ஆம்பியரை வைத்தால் ரிலே இருந்தும் இல்லாததுதான்.

வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமி நிற்கிறது

பெரும்பாலும் கண்டென்சர். ஏ.சி. கண்டென்சருக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது, எந்தப் பக்கமும் போடலாம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் போதும். மூன்று வயரில் எது ரன், எது ஸ்டார்ட், எது பொது என்று தெரியாவிட்டால் வண்ணத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூன்று ஜோடிக்கும் ஓம் பாருங்கள். உதாரணத்துக்கு 3, 8, 11 என்று வந்தால், 11 காட்டிய ஜோடியில் சேராத வயர் பொது. பொதுவுக்கும் ரன்னுக்கும் இடையே குறைவு, பொதுவுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே அதிகம்.

பெட்டியைத் தொட்டால் ஷாக்

எர்த் முனை விட்டுப்போயிருக்கிறது, அதோடு உள்ளே எங்கோ லீக் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்துவிட்டால் வயர் இருந்தும் பயனில்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பெட்டியில் எல்லாம் சரி என்றால்

கரண்டை அணைத்து, டி1, டி2, டி3-இலிருந்து கேபிளைக் கழற்றி, கேபிளின் மூன்று வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சுற்று அறுபடவில்லை. ஆர்-ஒய்யும் ஆர்-பியும் ஒன்றும் காட்டாமல், ஒய்-பி மட்டும் காட்டினால் ஆர் வயரோ அதன் சுற்றோ அறுந்திருக்கிறது. பிறகு வயருக்கும் எர்த்துக்கும் இடையே மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்). மல்டிமீட்டர் இங்கே பயன்படாது. அதன் சின்ன பேட்டரிக்குத் தெரியாத லீக் 500 வோல்ட் மெக்கருக்குத் தெரியும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் வண்டிக்குச் சொல்லிவிடலாம். மோட்டார் வெளியே வந்ததும் நேராக ரீவைண்டிங் கடைக்கு ஏற்றாமல், கேபிள் ஜாயிண்டை வெட்டிவிட்டு மோட்டாருக்குத் தனியாக ஒரு மெக்கர் போடச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்கியது ஜாயிண்டில் மட்டும் என்றால் புது ஜாயிண்ட் போட்டு அன்றைக்கே மறுபடி இறக்கிவிடலாம்.